முகிலனுக்கு மஞ்சள்காமாலைதான்

ஜூன் 18, புதன்

பிரசவ நாள் நெருங்கிவிட்டதால் அக்கா இன்று கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கிவிட்டாள். கையில் கட்டைப்பை, இடுப்பில் இதழினி. ஐந்து வயதுப் பிள்ளையை இன்னும் இடுப்பில் சுமக்கிறாளே என்று எனக்கு எரிச்சல். அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே கோமதி அக்காதான். அத்தான் மஸ்கட்டில் இருக்கிறார். அவள் பிள்ளையும் அவள் பொறுப்பு, என் பிரசவமும் அவள் பொறுப்பு.

வந்ததும் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, டீச்சர் வீடு மாதிரியா இருக்கு இது?" என்றாள். உட்காரக்கூட இல்லை. கேஸ் அடுப்பைத் தேய்த்து, மிக்ஸியைத் துடைத்து, பருப்பு டப்பாக்களை வெயிலில் வைத்தாள்.

இதழினி மத்தியானம் நாலு வாய் சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து என் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு ஆடினாள்.

"பள்ளிக்கூடம் தொறந்ததுலருந்து இப்படித்தான் செண்பகா. போன வருசமும் இதே கததான். டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தாரு. நிக்கல. உனக்கு என்ன தோணுது?"

"நடிப்புக்கா. என் எல்.கே.ஜி.ல பாதிப் பேருக்குத் திங்கக்கிழமதான் வயித்து வலி வரும். நீ தூக்கிச் சுமக்கச் சுமக்கக் கூடத்தான் செய்யும். கண்டுக்காம விடு."

"டீச்சரம்மா சொன்னாச் சரி" என்றாள். அவள் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் என் காலைப் பிடித்துவிட்டபடி பஸ்ஸில் பார்த்ததைச் சொன்னாள். "ஒருத்தி உதடு பிளந்த பிள்ளையத் தூக்கிட்டு வந்தா. ஒரு துண்டு போட்டுக்கூட மூடல. பஸ்ஸே திரும்பிப் பாக்கு. நானா இருந்தா வாசல்படி தாண்ட மாட்டேன்."

"ஆமா" என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஆண் பிள்ளை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். தலை நிறைய முடி. இவர் மின்வாரியத்தில் லைன்மேன், கம்பத்தில் ஏறினால் அசராத மனுசன். பிள்ளையை வாங்க இரண்டு தடவை கையைக் கழுவிவிட்டு வந்தார். முகிலன் என்று பெயர் வைப்பதாக முன்பே பேசி வைத்திருந்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

இதழினி வார்டு வராந்தாவில் வாந்தி எடுத்துவிட்டாள். துடைக்க வந்த அம்மா சத்தம் போட, அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நீ ஊருக்குப் போக்கா, இங்க இவர் பாத்துக்கிடுவாரு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் போகுதுல்லா" என்று நான்தான் அனுப்பி வைத்தேன். போகும்போது முகிலனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். "நம்ம அம்மா வாசன அடிக்குதுட்டி" என்றாள்.

முகிலன் நன்றாகத்தான் பால் குடித்துக்கொண்டிருந்தான். சாயங்காலத்திலிருந்து சிணுங்கல். காலை வயிற்றோடு மடக்கி மடக்கி அழுகிறான். காற்றாக இருக்கும்.

ஜூன் 26, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை தோளில் போட்டுத் தட்டும்போது கக்கினான். துண்டில் பார்த்தால் பச்சை. தயிர்போல வரும் பால் இல்லை. இலையைக் கசக்கிப் பிழிந்த சாறுபோல. நர்ஸைக் கூப்பிட்டுத் துண்டைக் காட்டினேன். அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு நடந்தார், நடந்தவர் ஓடினார். இவர் பின்னாலேயே ஓடினார். தையல் போட்ட வயிற்றோடு நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் முடிந்து குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா என் கட்டிலுக்கே வந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையின் நாடாவை இரண்டு விரலால் முறுக்கிக் காட்டினார்.

"குடல் உள்ள அதோட இடத்துல அகலமாப் பிடிச்சு நிக்கணும்மா. இவன் உங்க வயித்துக்குள்ள இருக்கும்போதே அந்தப் பிடிப்பு சரியா அமையல. அதனால இப்படி முறுக்கிக்கிச்சு. முறுக்கினா ரத்தம் போகாது. உடனே தொறந்து பிரிச்சு விடணும்."

"நான் ஏதும் சாப்பிட்டதாலயா டாக்டர்?"

"இல்லவே இல்ல. நீங்க செஞ்சது, செய்யாதது எதுவும் காரணம் கிடையாது."

கையெழுத்து வாங்கினார்கள். போகும்போது அவர் திரும்பி நின்று கேட்டார். "உங்க குடும்பத்துல, அக்கா தங்கச்சி பிள்ளைங்க யாருக்காவது அடிக்கடி வயித்து வலி, வாந்தின்னு உண்டா?"

"இல்ல டாக்டர்."

இதழினி அப்போது நினைவுக்கு வரவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். வந்தாள். ஆனால் அவளுடையது பள்ளிக்கூட வலி. அதைப் போய் இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? எங்கள் குடும்பத்திலேயே ஏதோ கோளாறு என்றல்லவா ஆகிவிடும்.

ஜூன் 27

உயிரோடு இருக்கிறான்.

ஜூன் 29, ஞாயிறு

சக்கர நாற்காலியில் மாடிக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தான். மூக்கில் குழாய். கையில் ஊசி, அது அசையாமல் இருக்கச் சின்ன அட்டை வைத்துக் கட்டு. தலைமுடியில் ஒரு பக்கம் மட்டும் மழித்திருக்கிறார்கள். நகம் நீளமாக இருக்கிறது. புருவம் இவரைப்போல.

வயிற்றில் ஒரு பை ஒட்டியிருக்கிறது. முறுக்கியதில் கொஞ்சம் குடல் கறுத்துவிட்டதாம். அதை வெட்டிவிட்டு, ஒரு நுனியை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைத்திருக்கிறார்கள். மலம் அது வழியாகப் பையில் வந்து விழும். மிச்சக் குடல் போதுமான நீளம் இருக்கிறதாம். சில மாதம் கழித்து மறுபடி உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்களாம். இதெல்லாம் இவர் சொன்னது. இவர் குனிந்து குனிந்து பார்த்தார். நான் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா போன் செய்தாள். "பிள்ள எப்படிட்டி இருக்கான்?"

"மஞ்சக்காமாலக்கா. லைட்டுக்குக் கீழ வச்சிருக்காங்க."

"ஐயோ, அது எல்லாப் பிள்ளைக்கும் வாரதுதானட்டி. இதழினிக்கும் வந்துச்சே! பயப்படாத."

பயப்படவில்லை என்றேன்.

ஜூலை 5, சனி

பால் பீய்ச்சிக் கொடுக்கிறேன். குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். பீய்ச்சும் அறையில் வேறு அம்மாக்களும் இருப்பார்கள். "உங்க பிள்ளைக்கு என்ன?" என்று ஒருத்தி கேட்டாள். எடை குறைவு என்றேன். அவள் தன் பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை என்று சொல்லிவிட்டு டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டாள். இந்தப் பெண்களால் எப்படி இதையெல்லாம் பட்டென்று சொல்ல முடிகிறது?

ஜூலை 14, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நேற்று நர்ஸ் பையை மாற்றச் சொல்லிக்கொடுத்தார். ஓரத்தைத் தண்ணீர் தொட்டு மெல்ல உரிப்பது, பஞ்சால் ஒற்றித் துடைப்பது, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு அளவாக வெட்டிய புதுப் பையை ஒட்டுவது. குனிந்து நிற்கத் தையல் வலித்ததால் நான் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன். இவர் கற்றுக்கொண்டார். ஆஸ்பத்திரியிலேயே இரண்டு தடவை தனியாக மாற்றியும் விட்டார்.

டாக்டரம்மா அனுப்பும்போது சொன்னார்: "மறுபடி பச்சையா வாந்தி எடுத்தா ஒரு நிமிஷம் வீட்ல வச்சிருக்காதீங்க. இவனுக்கு மட்டும் இல்ல, எந்தப் பிள்ளைக்கும். அபூர்வமா இது ஒரே குடும்பத்துல இன்னொரு பிள்ளைக்கும் இருக்கும். சொந்தக்காரங்களுக்கும் சொல்லி வைங்க."

இவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

ஆட்டோவில் வரும்போது இவர், "ஒங்க அக்காவுக்கு மொதல்ல சொல்லிரு" என்றார். இவருக்குத் தெரிந்ததெல்லாம் இதழினி பள்ளிக்கூடம் போக அடம்பிடிப்பாள் என்பது மட்டும்தான். சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

வீட்டில் ஊதுபத்தி தீர்ந்துவிட்டது. இரண்டு கட்டு வாங்கி வரச் சொன்னேன். வாசனை இருப்பது பிள்ளைக்கு நல்லது.

"வாசம்லாம் ஒண்ணும் அடிக்கல செண்பகா" என்றார் இவர். அடிக்கிறது. எதிர்வீட்டம்மா பிள்ளை பார்க்க வந்தபோது மூக்கைச் சுளித்த மாதிரி இருந்தது. தொற்று வந்துவிடும், டாக்டர் யாரையும் பார்க்க விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று கதவருகிலேயே பேசி அனுப்பிவிட்டேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சொல்லக்கூடியதுதான்.

இவர் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்து ஒரு தடவை பையை மாற்றுகிறார். இடையில் நிறைந்தால் கீழேயுள்ள கிளிப்பைத் திறந்து வடித்துவிடச் சொல்லியிருக்கிறார். அதை மட்டும் நான் துணியை மேலே போட்டுக்கொண்டு, கையால் தடவிப் பார்த்தே செய்துவிடுவேன். இவர் பையோடு பேசவும் பேசுகிறார். "என்ன சார், அதுக்குள்ள ஃபுல்லா?" என்பார். முகிலன் அவர் மீசையைப் பார்த்துக் காலை உதைக்கிறான்.

ஜூலை 29, செவ்வாய்

அக்கா வரேன் என்கிறாள். பெயர் வைக்க வேண்டும், வெள்ளிக் கொடி வாங்கி வைத்திருக்கிறாளாம். இடுப்பில் கட்ட.

இடுப்பில்.

"இப்ப வேண்டாங்கா. மஞ்சக்காமால இன்னும் முழுசா இறங்கல."

"இத்தன நாளாவா? எந்த டாக்டர்ட்டக் காட்டுத? நான் வந்து பாக்கேன்."

"யாரும் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நான் யாரா?" என்றாள்.

நான் பதில் சொல்லும்முன் இதழினி அழும் சத்தம் கேட்டது. "இவ ஒருத்தி, திரும்ப வயித்தப் பிடிச்சிட்டு உக்காந்துட்டா. பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கிண்டினேன். இவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். முகிலன் எடை கூடியிருக்கிறான். கன்னம் வந்துவிட்டது. மேல்சட்டை போட்டுப் படுக்க வைத்தால் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருக்கிறான். போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள். ஆசை தீரப் பேசிவிட்டுச் சொன்னாள்:

"இவதான் மெலிஞ்சிட்டே போறா செண்பகா. யூனிஃபார்ம் பாவாட நிக்க மாட்டேங்கு. நேத்து ஆத்தங்கர போயிட்டு வந்து வாந்தி எடுத்தா. பச்சையா இருந்துச்சு."

அடுப்பில் பால் இருந்தது. அணைத்தேன்.

"கீரை ஏதும் கொடுத்தியா?"

"முந்தாநாள் முருங்கக்கீர பொரிச்சேன்."

"அதாத்தான் இருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் அக்கா.

ஆகஸ்ட் 4

முருங்கைக்கீரை பச்சைதான்.

ஆகஸ்ட் 6, புதன்

அக்காவுக்குப் போன் போட்டேன். இதழினி பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். நன்றாக இருக்கிறாளாம். நல்லவேளை, அனாவசியமாக எதையாவது சொல்லிப் பயமுறுத்தியிருப்பேன்.

பள்ளியிலிருந்து பெரிய டீச்சர் எப்போது வேலைக்குத் திரும்புவேன் என்று கேட்டார். பிள்ளையை எடுத்துக்கொண்டு ஒருநாள் வரச் சொன்னார். வெயில் தணியட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று இவரோடு சண்டை.

கம்பி அறுந்து ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். கை வீங்கியிருந்தது. "இன்னைக்கு ஒரு தடவ நீ மாத்து" என்றார். தையல் இழுக்கிறது என்றேன்.

"தையல் ஆறி ஒரு மாசம் ஆச்சு செண்பகா."

நான் அடுப்பைத் துடைத்தேன்.

"நீ இவன் வயித்தப் பாத்திருக்கியா? இன்னைக்கு வரைக்கும், ஒரு தடவ?"

"பாக்காம என்ன?"

"என்ன கலர்ல இருக்குன்னு சொல்லு."

கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வெளியே வந்தபோது வீங்கிய கையாலேயே மாற்றி முடித்திருந்தார். "யாருக்கும் தெரியாம இவன எத்தன நாளைக்கு வச்சிருப்ப? திருட்டுப் பொருளா?" என்றார். பிறகு சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

அவர் சொல்வது சரி என்று இங்கே எழுதலாம். எழுதினால் நாளைக்கு அதன்படி செய்ய வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆஸ்பத்திரி வாசலில் கொடி ஏற்றி எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். என் கையில் ஒன்று உருகிக்கொண்டிருக்கிறது. இதழினி தீவிர சிகிச்சை அறையில் இருக்கிறாள். பெற்றவளை மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள். முகிலன் மடியில் தூங்குகிறான். நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை இவர் வேலைக்குப் போன பிறகு அக்கா அழைத்தாள். குரலே மாறியிருந்தது.

"விடிஞ்சதுலருந்து நிக்காம எடுக்கா செண்பகா. பச்சப் பச்சையா வருது. வயிறு கல்லு மாதிரி இருக்கு. முந்தியெல்லாம் அழுவா, இப்ப அழக்கூட மாட்டேங்கா. பக்கத்து வீட்டக்கா, தொக்கம் எடுக்க ஒரு அம்மா இருக்குன்னு சொல்லுதா. ஏதோ உள்ள சிக்கியிருக்கும், தடவி எடுத்துருவாங்களாம். ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கு. போகட்டா?"

"கொஞ்சம் இருக்கா. திரும்பப் பண்ணுதேன்" என்று வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு என்ன செய்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். கொடியில் கிடந்த துணிகளை எடுத்தேன். முகிலனின் சட்டைகளை மடித்தேன். என் நைட்டியை மடித்தேன். இவருடைய காக்கிச் சட்டையை, காலர் நிமிர்ந்து நிற்கும்படி, அழகாக மடித்தேன். இதழினி அங்கே அழாமல் கிடக்கிறாள் என்று எனக்குத் தெரியும். என் கை மடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பிள்ளை பிழைக்கலாம். அந்த ஒரு வார்த்தையோடு என் பிள்ளையின் வயிறும் வெளியே வந்துவிடும். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் நான். ஒரு டீச்சர்.

மடிக்கத் துணி தீர்ந்துவிட்டது. வீடியோவில் அழைத்தேன்.

அக்கா ஆட்டோ பக்கத்தில் நின்றிருந்தாள். இதழினியின் தலை அவள் தோளில் தொங்கியது.

"தொக்கம் எடுக்கப் போகாதக்கா. வயித்துல யாரும் கை வைக்க விடாத. கார் பிடிச்சு நேரா இங்க பெரியாஸ்பத்திரிக்கு வா."

"அவ்ளோ தூரமா? நீதானட்டி நடிப்புன்ன?"

"தப்பாச் சொன்னேங்கா. குடல் முறுக்கியிருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன டாக்டரா? சும்மா பயங்காட்டாத."

ஆட்டோக்காரர், ஏறுங்கம்மா என்றது கேட்டது. அவள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"முகிலனுக்கு மஞ்சக்காமால இல்லக்கா!" என்று கத்தினேன்.

போனைத் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்துவைத்துவிட்டு முகிலனின் சட்டையைத் தூக்கினேன். பை அவளுக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஓரத்தைத் தண்ணீர் தொட்டு உரித்தேன். நர்ஸ் சொன்னது எல்லாம் காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது.

சிவப்பு. நல்ல சிவப்பு. ஈரமாக, விரல்நுனி அளவுக்கு. அது லேசாகச் சுருங்கி விரிந்தது. அதற்கும் உயிர் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இல்லை, இவர் சொல்லியிருப்பார்.

"இங்க பாருக்கா. பொறந்து மூணு நாள்ல இவனுக்கும் பச்சையாத்தான் வந்துச்சு. முறுக்கிக் கறுத்துப்போயி வெட்டி எடுத்து வெளிய வச்சுத் தச்சிருக்காங்க. அவளுக்கும் இதான். கார்ல ஏறுக்கா, கும்பிடுதேன்."

அக்கா திரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு ஆட்டோக்காரரிடம், "தம்பி, கார் யாருட்ட இருக்கு?" என்றாள்.

நான் இவரை அழைத்துச் சொல்லிவிட்டு, முகிலனுக்கு நானே புதுப் பை ஒட்டினேன். கோணலாக ஒட்டினேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் கசிந்துவிட்டது. அக்கா வந்து இறங்கும்போது இவர் ஸ்ட்ரெச்சரோடு நின்றிருந்தார். ஸ்கேன் எடுத்தவுடனேயே உள்ளே கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் அதே டாக்டரம்மா வெளியே வந்தார்.

"நல்லவேளை கொண்டாந்தீங்க. முறுக்கைப் பிரிச்சு, வெதுவெதுப்பான துணி போட்டு மூடி வச்சுப் பாத்துக்கிட்டே நின்னோம். கறுத்திருந்தது மெல்ல மெல்ல நிறம் திரும்பிடுச்சு. எதையும் வெட்டல. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா முழுக் குடலும் போயிருக்கும்."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா அப்போதுதான் என்னையும் என் மடியில் இருந்தவனையும் பார்த்தார்.

"நீங்க முகிலன் அம்மா இல்ல? இவங்க உங்க கூடப்பிறந்த அக்காவா?" அவர் நெற்றி சுருங்கியது. "இந்தப் பிள்ளைக்கு ரெண்டு வருஷமா வலி இருக்குதுன்னு சொல்றாங்களே. அன்னைக்கு உங்ககிட்டக் கேட்டேனேம்மா?"

நான் முகிலனின் சட்டைப் பொத்தானைப் போட்டேன். போட்டிருந்த பொத்தான்தான்.

அவர் என் விரல்களைப் பார்த்தார். "சரி, இப்போ நல்லாருக்கா, அது போதும்" என்று போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "என்ன கேட்டாங்க உங்கிட்ட?"

ஒரு பொய் நாக்கு வரைக்கும் வந்தது. மறந்துட்டேங்கா, மயக்க மருந்துல இருந்தேன் என்று. இவர் பக்கத்தில் நின்றார்; அவர்கூட அதை நம்பியிருப்பார்.

"சொந்தத்துல யாருக்காவது இப்படி இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னேன். வீட்டுக்கு அனுப்பும்போது உங்கிட்டச் சொல்லி வைக்கச் சொன்னாங்க. சொல்லல. நீ பச்சையா எடுத்தான்னு சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியுங்கா. தெரிஞ்சேதான் கீரைன்னேன்."

இவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏன்?" என்றாள் அக்கா.

"இவனப் பாத்து நீ என்ன சொல்லுவியோன்னு."

"என்னையவாட்டி?" என்றாள். "என்னையவா?"

பஸ்ஸில் வந்தவளைப் பற்றி அவள் சொன்னதை எடுத்துக்காட்டியிருக்கலாம். அதற்கு ஆமா போட்டவள் நான். அவள் இதழினி இருக்கும் அறைப் பக்கம் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இட்லி கொண்டுபோனேன். இவரிடம் வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இதழினியை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வாய் வழியே தண்ணீர் கொடுக்கிறார்கள். அக்கா என்னோடு பேசுவதில்லை. கேட்டால் சுவரிடம் சொல்வது போல இவரிடம் சொல்கிறாள். இவரும் வீட்டில் அளவாகத்தான் பேசுகிறார். பை மாற்றுவதை நானே செய்கிறேன். இரண்டு தடவை கசிந்தது, முகிலனின் தோல் ஒரு பக்கம் சிவந்துவிட்டது. நான் மாற்றும்போது அவன் அழுகிறான், இவர் மாற்றும்போது அழமாட்டான். நர்ஸிடம் மறுபடி சொல்லித்தரச் சொல்லிக் கேட்டேன். இந்த முறை நின்றுகொண்டு பார்த்தேன்.

பெரிய டீச்சருக்குப் போன் செய்து பிள்ளைக்கு என்ன என்று சொன்னேன். அவர் "அப்படியா, அப்படியா" என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாளை இதழினியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கோவில்பட்டியிலிருந்து பக்கத்து வீட்டக்காவும் அவர் மருமகளும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்திருந்தார்கள். அந்தத் தொக்கம் சொன்ன அக்காதான். நான் முகிலனோடு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னத்தா செஞ்சாங்க உன்னைய?" என்று அவர் கேட்க, இதழினி கவுனை மார்புவரை தூக்கிவிட்டாள். "ஜிப்பு போட்டுருக்காங்க! பாருங்க, இங்கருந்து இங்க வரைக்கும்!"

அக்கா பாய்ந்து வந்து கவுனைக் கீழே இழுத்தாள். "பொம்பளப் பிள்ள, எல்லாருக்கும் தொறந்து காட்டிட்டு. மூடு!"

இதழினியின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அந்த முகம் தெரியும்.

"விடுக்கா. காட்டட்டும்" என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டக்காதான் நடுவில் புகுந்தார். "நீதான் தங்கச்சியா? பிள்ளைக்கு மஞ்சக்காமாலன்னு கோமதி சொன்னா. இறங்கிருச்சாம்மா?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஊரில் யாரிடமும் எதையும் மாற்றிச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

"மஞ்சக்காமால இல்லைங்க. இவனுக்கும் குடல்தான் முறுக்கிச்சு. நான்தான் அக்காட்டப் பொய் சொல்லிட்டேன்."

"ஏம்மா?"

"வெக்கமா இருந்துச்சு."

அந்த அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். மருமகள் முகிலனின் வயிற்றைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தாள். அக்கா எழுந்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல், இரண்டு கையையும் நீட்டினாள். கொடுத்தேன். பிறந்த மூன்றாம் நாள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனவள், இப்போதுதான் அவனைத் தூக்குகிறாள். மடியில் போட்டுக்கொண்டு தலையைத் தடவினாள்.

என் ஒட்டு இன்னும் சரியாக வருவதில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் விட்டு, மஞ்சளாக அவள் சேலையில் இறங்கியது. மருமகள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். நான் பதறி எழுந்தேன்.

அக்கா சேலையைப் பார்த்தாள். அசையவில்லை.

"பஞ்சு எங்க வச்சிருக்க?" என்றாள் என்னிடம்.

எடுத்து வந்தேன். அவள் மடியிலேயே வைத்து, அவள் அவன் காலிரண்டையும் பிடித்துக்கொள்ள, நான் ஓரத்தை உரித்தேன். வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தேன் என எழுத ஆசைதான். அப்படி இல்லை. உடம்பெல்லாம் கூசியது. கூசக் கூசத் துடைத்து, காய வைத்து, புதுப் பையை ஒட்டி முடித்தேன்.